ரெமேடியோஸ் வாரோவின் மாய உலகம்: கேட்டவையும் சொன்னவையும்

யார் இவர்? சுருக்கமா சொல்லுங்க.

1908-இல் ஸ்பெயினில் பிறந்த ஓவியர். பாரிஸில், கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளோடு இருந்தார். நாஜிகள் வந்ததும் தப்பி, 1941-இல் மெக்சிகோ போனார். 1963-இல் இறந்ததும் அங்கேதான்.

படம் முழுக்க சக்கரம், கப்பி, விநோத வண்டி. எங்கிருந்து வந்தது இதெல்லாம்?

அப்பாவிடமிருந்து. அவர் நீரியல் பொறியாளர். மகளுக்குத் தொழில்நுட்ப வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தார். அதனால்தான் வாரோ வரைந்த வண்டி எதுவும் தள்ளிவிட்டால் ஓடிவிடும் போலத் தோன்றுகிறது. 1959-இல் வரைந்த, தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் படத்தைப் பாருங்கள். மேல்சட்டையையே படகாகத் தைத்தது போன்ற ஒன்றில் ஒரு பெண் நதிமூலம் தேடிப் போகிறாள். மரப்பொந்துக்குள் ஒரு மேசை, மேலே ஒரு கோப்பை. நதி அதிலிருந்துதான் பெருகுகிறது!

அவர் வரையும் பெண்கள் ஏன் எப்பவும் தனியா, சோகமா இருக்காங்க?

தனிமை சரி. சோகம் என்று எனக்குப் படவில்லை, வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். 'பறவைகளின் படைப்பு' (1957) படத்தில் ஆந்தை முகப் பெண் ஒருத்தி, கழுத்தில் தொங்கும் வயலினோடு இணைந்த தூரிகையால் பறவை வரைகிறாள். நட்சத்திர ஒளி முப்பட்டகம் வழியாகத் தாளில் விழ, பறவை எழுந்து பறக்கிறது. சர்ரியலிஸ்டுகளின் படங்களில் பெண் என்றால் பெரும்பாலும் அலங்காரப் பொம்மை. இவரிடம் அவள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள்.

ஆனால் எல்லா வேலையும் விடுதலை இல்லை. 1958 படத்தில் ஒருத்தி நட்சத்திரங்களை அரைத்துக் கூண்டிலுள்ள பிறைக்கு ஊட்டுகிறாள். அந்த முகத்தில் களைப்புதான். 1961-இல் கோபுரத்துக்குள் கன்னிமடப் பெண்கள் பின்னும் துணி ஜன்னல் வழியே வழிந்து உலகமாகிறது. அதில் ஒருத்தி தன்னையும் காதலனையும் மடிப்புக்குள் ரகசியமாகப் பின்னிவிடுகிறாள். அடுத்த படத்தில் இருவரும் ஓடிப்போகிறார்கள். வாரோ படித்ததும் கன்னிமடப் பள்ளியில்தான்.

நகைச்சுவை உண்டா?

நிறைய. 1960 படத்தில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பெண், அப்பாவின் தலையைத் தாடியைப் பிடித்துத் தூக்கிக் கிணற்றில் போடப் போகிறாள்.

அவர் படங்களில் பாசி படிந்த மாதிரி சுவர் எப்படி வருது?

ஈர வண்ணத்தின் மேல் தாளை அழுத்தி எடுப்பார். தற்செயலாக விழும் கறைகளை மெல்லிய தூரிகையால் காடாகவோ சுவராகவோ மாற்றுவார்.

இவ்வளவு திறமைக்கு ஏன் தாமதமா பேர் வந்தது?

வயிற்றுப்பாடு. மெக்சிகோவில் பல வருடம் பேயர் மருந்து நிறுவனத்துக்கு விளம்பரப் படம் போட்டுப் பிழைத்தார். முதல் தனிக்கண்காட்சி 1956-இல், 47 வயதில். அதன்பின் கிடைத்தது ஏழே வருடம்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

மெக்சிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்.