நிலத்தை விற்காதீர்கள், பையனை ஓட விடுங்கள்

கணியம்பாடி பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் போன வருடம் ப்ளஸ் டூ முடித்தான், உயிரியல் பிரிவு. நீட் இரண்டு முறை எழுதித் தேறினான், ஆனால் இங்கே சீட் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. அவருடைய தம்பி ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். அதற்கு இருக்கிற ஒரே நிலத்தை விற்க வேண்டும். கணவர் 17 வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வந்தவர். "நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது" என்கிறாராம். பையனோ விடிவதற்கு முன்பே எழுந்து ஓடப் போகிறான். கேட்டால் மிலிட்டரி என்கிறான்.

அம்மா, நிலப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற ஊரில் வெள்ளைக் கோட்டு மேல் ஆசை வருவது இயல்புதான். ஆனால் வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே டாக்டராவதற்கு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் என்ன கேட்கின்றன என்று உங்கள் தம்பியிடம் கேளுங்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு, அதில் தேறினால் இந்தியாவில் இன்னும் 12 மாதப் பயிற்சி. ஏஜென்ட் தருகிற தாளில் முதல் வருடக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். இந்தக் கணக்கு இருக்காது. தேர்வில் தேறாமல் நின்றால் பையனுக்கு 25 வயதாகியிருக்கும், நிலமும் போயிருக்கும். புத்தகத்தைத் தொடாமல் மைதானத்துக்கு ஓடுகிற பிள்ளையை நம்பி இந்தப் பந்தயம் கட்டக்கூடாது.

அதிகாரியாகச் சேர்கிற என்.டி.ஏ., நான்கு வருடம் மட்டும் ஜவானாக இருக்கிற அக்னிவீர் பற்றியெல்லாம் உங்கள் ஊர்ப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டையில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: சோல்ஜர் டெக்னிக்கல், நர்சிங் அசிஸ்டென்ட். ராணுவ மருத்துவப் படையில் சேர்கிற வேலை. இது நான்கு வருட அக்னிவீர் கணக்கில் வராது. பழைய முறைப்படி நிரந்தரச் சேர்க்கை, 15 வருட சேவைக்குப் பிறகு பென்ஷன் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். வயது பதினேழரை முதல் 23 வரை. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40. உங்கள் மகன் நீட்டுக்குப் படித்த உயிரியலும் வேதியியலும் இங்கே நேரடியாகக் கைகொடுக்கும்.

விண்ணப்பம் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் மட்டும். வேலூர் மாவட்டம் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. முதலில் கணினித் தேர்வு, அதில் தேறியவர்களுக்குத்தான் ரேலி, அதாவது உடல்தகுதி பார்க்கிற ஆள்சேர்ப்பு முகாம். அண்மை ஆண்டுகளில் தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். அதற்கு மேல் செலக்‌ஷனுக்கு என்று எவன் பணம் கேட்டாலும் அவன் ஏமாற்றுக்காரன், அவன் முன்னாள் சுபேதாராகவே இருந்தாலும். நீட்டைப் போலவே இங்கும் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். தெரியாததையும் சேர்த்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு வராதே என்று பையனிடம் சொல்லுங்கள்.

ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். ஐந்தரை நிமிடத்தை இலக்காக வையுங்கள். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு சுமார் 82 விநாடி. கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 70 விநாடியில் முடிப்பவன் மூன்றாவது சுற்றில் நடப்பான். பெரும்பாலோர் விழுவது அங்கேதான். தினமும் முழுத் தூரத்தையும் ஓடித் தீர்க்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை ஆறு முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. ஒரு நாள் மெதுவாக ஐந்து கிலோமீட்டர். தார் ரோட்டில் தொடர்ந்து ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி பிடிக்கும், பாலாற்று மணலில் ஓடினால் கணுக்கால் பிசகும். மண் மைதானம் போதும். புல்-அப் 10 எடுக்கப் பழகட்டும்: கை முழுதாக நீண்டு, தாடை கம்பிக்கு மேல் வர வேண்டும், உதறி ஏறினால் எண்ண மாட்டார்கள். 9 அடி பள்ளம் தாண்டுவதும், வளைந்து போகும் கட்டை மேல் நடப்பதும் உண்டு.

மருத்துவப் பரிசோதனையில் கழிபவர்கள் பலர். தட்டைப் பாதம், முழங்கால் இடிப்பது, நிறக்குருடு இவற்றை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். காது அழுக்கு, சொத்தைப் பல் இவை அரசு மருத்துவமனையிலேயே சரிசெய்யக் கூடியவை. கண்ட இடத்தில் பச்சை குத்திக்கொண்டால் கதவு மூடிவிடும்.

இப்போது உங்கள் கணவருக்கு. ஐயா, பட்டாளம் கஷ்டம் மட்டும் கொடுத்ததா? கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? நர்சிங் அசிஸ்டென்ட் வார்டில் பொறுப்பு மாற்றும்போது ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது, தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, காலாவதி மருந்து உள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். வாங்கியபின் குறைந்தால் வாங்கியவன்தான் பதில் சொல்ல வேண்டும். மலையில் ஒரு ஜவானுக்கு மூச்சு வாங்கினால் அது அலுப்பா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று பக்கத்தில் டாக்டர் இல்லாமலே சந்தேகப்படத் தெரிய வேண்டும். தயங்காமல் மேலே தகவல் சொல்ல வேண்டும். இருபது வயதில் இதைக் கற்றவனுக்கு எந்த ஆஸ்பத்திரி ஸ்டோரும் அவசரப் பிரிவும் அந்நியமாக இருக்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்ததும் தானாக ஸ்டாஃப் நர்ஸ் பதிவு கிடைத்துவிடாது. சேவையில் இருக்கும்போதே தபால் வழியில் ஒரு பட்டம் முடிப்பது நல்லது. லக்னோவில் பயிற்சி, முதல் சில மாதம் இந்தி தெரியாமல் திணறுவான், போனில் அழவும் செய்வான். "வந்துவிடு" என்று சொல்லாதீர்கள். முதல் சம்பளத்திலேயே வீடு கட்ட லோன் போட வைக்காதீர்கள்; அவன் வைப்பு நிதியில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கட்டும்.

செலக்‌ஷன் உறுதியில்லை. அதனால் இந்த வருடமே வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்துவிடுங்கள், என்.சி.சி. கிடைத்தால் விடவேண்டாம். 23 வயதுக்குள் இன்னும் சில வாய்ப்புகள் வரும்.

முன்னாள் படைவீரரின் மகனுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. ஆனால் அதற்கு அப்பா இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் தருகிற உறவுச் சான்று வேண்டும். அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பையன் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்தம் வர மாதக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்தபின் அலைந்தால் நேரம் இருக்காது. வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். அசல் டிஸ்சார்ஜ் புத்தகம், பையனின் மதிப்பெண் சான்றிதழ், இருவரின் ஆதார் ஆகியவற்றை நகலோடு எடுத்துப் போங்கள்.