ஹிட்சன்ஸின் 'ஆர்க்யுவப்ளி': அரசியல் பிடிக்காதவர் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: ஆங்கிலப் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸின் 'ஆர்க்யுவப்ளி' கட்டுரைத் தொகுப்பு தலையணை மாதிரி இருக்கிறது, எனக்கு அரசியல் சண்டையில் ஆர்வமில்லை, வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நூற்றுக்கும் மேல் கட்டுரைகள். தொடக்கத்தில் ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் என்று அமெரிக்கப் பெரியவர்களாகவே வருவார்கள். நமக்கு அங்கேயே தூக்கம் வந்துவிடும்.

நேராக ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' நாவல் பற்றிய கட்டுரைக்குப் போங்கள். அந்த நாவலில் ஒரு பன்றி ஸ்டாலின், இன்னொன்று டிராட்ஸ்கி என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சரி, லெனின் எங்கே? ஹிட்சன்ஸ் அதைப் பிடித்துக்கொள்கிறார். ரஷ்யப் புரட்சியை உருவகமாக்கிய கதையில் அதை முன்னின்று நடத்திய ஆளையே காணோம்! ஹிட்சன்ஸ் இளமையில் டிராட்ஸ்கியவாதியாக இருந்தவர் என்பதால்தான் இது அவர் கண்ணில் உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆக, அரசியலை ஒதுக்கிவிட்டு இவருடைய இலக்கியக் கட்டுரைகளை மட்டும் படிப்பது நடக்காத காரியம். உட்ஹவுஸ், சாகி, நபகோவ் போன்ற எழுத்தாளர்களைப் பற்றியெல்லாம் பிரமாதமாக எழுதியிருக்கிறார். அங்கேயும் அந்தச் சண்டைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

அப்புறம், 2008இல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகைக்காக எழுதிய கட்டுரை. கைதிகளின் முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி விசாரிப்பது சித்திரவதையா இல்லையா என்று அமெரிக்காவில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. 59 வயதில், விடாமல் புகைபிடித்த நுரையீரலோடு, அதைத் தன்மேலேயே செய்துபார்க்கச் சொல்லிப் படுத்துவிட்டார். உயிர் போகலாம் என்ற பத்திரத்தில் கையெழுத்து. தலைக்கு முகமூடி, சாய்வுப் பலகை, தாங்க முடியாவிட்டால் கீழே போட்டுச் சைகை காட்டக் கையில் ஓர் உலோகத் துண்டு. சில நொடிகளில் அதைப் போட்டுவிட்டார். இவ்வளவு சீக்கிரம் தோற்றோமே என்ற வெட்கத்தில் இன்னொரு முறையும் ஊற்றச் சொன்னார். இது சித்திரவதை இல்லையென்றால் சித்திரவதை என்று ஒன்றே கிடையாது என்று முடிவுகட்டினார்.

இப்படிச் சோதித்துப் பார்த்து எழுதியவர், 2003 இராக் போரை ஆதரித்ததைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அந்தப் போரைப் பற்றி எழுதும் பகுதிகளில் சாட்சியைவிடக் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. 2011 செப்டம்பரில் புத்தகம் வந்தது, டிசம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார்.

சின்னதாக ஒன்று வேண்டுமென்றால், பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து ஒயின் ஊற்றும் ஓட்டல் சர்வர்களைத் திட்டும் கட்டுரை இருக்கிறது. சர்வாதிகாரிகள்மேல் வரும் அதே கோபம்! பெண்களுக்கு நகைச்சுவை வராது என்று வாதாடும் கட்டுரையை மட்டும் தாண்டிவிடுங்கள். கருத்து தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வாதமே நொண்டுகிறது.