பாலடினோடு வார்லாக் சேர்க்கலாமா, எத்தனை லெவல்?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளின்படி ஆடுகிறோம். என் பாத்திரம் 3ஆம் லெவல் பாலடின் (தெய்வ சக்தி கொண்ட போர்வீரர்). வலிமை 16, கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 16. வார்லாக்கில் (வேற்றுலக சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறுபவர்) இரண்டு லெவல் எடுத்தால் பிரமாதமாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உடனே எடுக்கவா, பொறுக்கவா? சார்சரரையும் (பிறவி மந்திரவாதி) சேர்த்தால் இன்னும் பலம் என்கிறார்களே, உண்மையா? கதை 10ஆம் லெவலோடு முடியும் என்று ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் சொல்லிவிட்டார்.

பதில்: கடைசி வரியைச் சொன்னீர்களே, அதுவே பாதி விடை. இணையத்தில் சுற்றும் மல்டிகிளாஸ் (பாலடின், வார்லாக் போன்ற கிளாஸ்களை ஒரே பாத்திரத்தில் கலப்பது) திட்டங்களில் பெரும்பாலானவை 20ஆம் லெவலில் பாத்திரம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுபவை. நீங்கள் அங்கே போகப்போவதே இல்லை. உங்களுக்கு மீதி இருப்பது ஏழு லெவல். வார்லாக்கில் வைக்கும் ஒவ்வொரு லெவலும் பாலடினிடமிருந்து பிடுங்கியது.

அதனால் இப்போதைக்குப் பொறுங்கள். பாலடின் 5ல் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே டர்னில் இரண்டாவது வெட்டு), 6ல் ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன். இந்த இரண்டும் கைக்கு வரும்வரை வார்லாக் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். 5ஆம் லெவலில் குழுவில் மற்றவர்களின் பலம் சட்டென்று ஒரு படி ஏறும். மந்திரவாதி ஃபயர்பால் வீசுவார், ஃபைட்டர் இரண்டு முறை வெட்டுவார். இப்போதே இரண்டு லெவல் வார்லாக் எடுத்தால் உங்கள் இரண்டாவது வெட்டு 7ஆம் லெவலில்தான் வரும். அதுவரை மேசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பது நீங்கள்தான். ஆராவோ உங்களுக்கும் 10 அடிக்குள் நிற்கும் தோழர்களுக்கும் எல்லா சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) கரிஸ்மா போனஸைக் கூட்டித் தரும். இந்த ஆட்டத்தில் அதற்கு ஈடான அம்சங்கள் குறைவு.

சரி, 7ஆம் லெவலில் இருந்து என்ன செய்வது? அதற்கு முன் உங்கள் டிஎம்மிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்.

முதலாவது, ஒரு நாளில் எத்தனை ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கும்? வார்லாக்கின் ஸ்லாட்டுகள் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) குறைவு, ஆனால் ஒரு மணி நேர ஓய்விலேயே திரும்பி வந்துவிடும். இதை எண்ணில் பார்த்தால்தான் தெளிவாகும். 10ஆம் லெவலில் இரண்டு பாத்திரங்களை ஒப்பிடுவோம். ஒன்று பாலடின் 10, மற்றது பாலடின் 6, வார்லாக் 4. பேக்ட் ஸ்லாட்டுகள், அதாவது வார்லாக்கின் ஸ்லாட்டுகள், மற்ற ஸ்லாட்டுகளோடு ஒரே கணக்கில் சேராது, தனியாகத்தான் நிற்கும். ஆனால் அவற்றை, வெட்டோடு கூடுதல் சேதம் தரும் பாலடின் திறனான டிவைன் ஸ்மைட்டுக்குச் செலவழிக்க 2014 விதியில் தடையில்லை. பாலடின் 10ஐ விட பாலடின் 6க்கு ஒரு இரண்டாம் நிலை ஸ்லாட்டும் இரண்டு மூன்றாம் நிலை ஸ்லாட்டும் குறைவு. ஸ்மைட்டாக எண்ணினால் பதினோரு எட்டுமுகப் பகடை, சராசரியாக 49.5 சேதம். வார்லாக் 4 தருவது இரண்டு இரண்டாம் நிலை ஸ்லாட். ஒவ்வொன்றும் மூன்று எட்டுமுகப் பகடை, சராசரி 13.5. ஆக இரண்டுக்கும் சேர்த்து 27.

ஷார்ட் ரெஸ்ட்டே இல்லாத நாளில் 27ஐ வாங்கி 49.5ஐ இழக்கிறீர்கள். ஒரு ரெஸ்ட் கிடைத்தால் 54, கிட்டத்தட்ட சமம். இரண்டு கிடைத்தால் 81, நல்ல லாபம். டிஎம் வழிகாட்டி நூல் ஒரு சாகச நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்களும் நடுவே இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டும் இருக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. நடைமுறையில் பல மேசைகளில் ஒரு நாளுக்கு ஒரே பெரிய சண்டை, அப்புறம் தூக்கம். உங்கள் மேசையும் அப்படித்தான் என்றால் பேச்சை இங்கேயே முடித்துக்கொண்டு பாலடினாகவே 10 வரை போங்கள்.

இதே விதிகளைத் தழுவிய கணினி விளையாட்டான பல்டர்ஸ் கேட் 3 ஆடிவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அதில் ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்கும் (நீண்ட ஓய்வு) இரண்டு ஷார்ட் ரெஸ்ட் உறுதி, ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. மல்டிகிளாஸுக்கு வலிமை, கரிஸ்மா போன்றவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனையும் கிடையாது. அங்கே வெற்றி பெற்ற திட்டத்தை அப்படியே மேசைக்குக் கொண்டுவர முடியாது.

இரண்டாவது கேள்வி, ஹெக்ஸ்பிளேடு என்ற வார்லாக் வகைக்கு அனுமதி உண்டா? அது மூல நூலில் இல்லை, 2017ல் வந்த துணைநூலில் இருக்கிறது. கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வார்லாக்கின் அசல் மதிப்பே இதில்தான். முதல் லெவலிலேயே, இருகை ஆயுதம் அல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து வலிமைக்குப் பதில் கரிஸ்மாவால் தாக்கலாம். அதாவது வாள்வீச்சு, மந்திரம், ஆரா மூன்றும் ஒரே எண்ணில் ஓடும். அடுத்த லெவலில் வரும் மதிப்பெண் உயர்வை யோசிக்காமல் கரிஸ்மாவில் போட்டு 18 ஆக்குங்கள். நடுவில் சில லெவல்களுக்கு வாள் கொஞ்சம் பின்தங்கும், பரவாயில்லை.

அனுமதி இல்லையென்றால்? நான் எடுக்க மாட்டேன். வார்லாக்குக்குச் சக்தி தருபவர்களில் ஃபீண்ட் பேட்ரனும் மோசமில்லை, எதிரியை வீழ்த்தும்போதெல்லாம் தற்காலிக ஹிட் பாயிண்ட் தருவார். ஆனால் வலிமை, கரிஸ்மா என்று இரண்டையும் வளர்க்க உங்களிடம் அத்தனை லெவல் மிச்சமில்லை.

எடுப்பதாக முடிவானால், இரண்டு போதுமா, நான்கா? எல்லாரும் இரண்டு என்று சொல்லக் காரணம் எல்ட்ரிட்ச் பிளாஸ்ட். 120 அடி தூரம் போகும் தாக்குதல். அதன் கதிர்களின் எண்ணிக்கை வார்லாக் லெவலைப் பார்ப்பதில்லை, பாத்திரத்தின் மொத்த லெவலைத்தான் பார்க்கும். இரண்டாம் லெவலில் அகனைசிங் பிளாஸ்ட் என்ற இன்வொகேஷனை (வார்லாக்கின் சிறப்புத் திறன்) எடுத்தால் ஒவ்வொரு கதிரோடும் கரிஸ்மா போனஸ் சேரும். பறக்கும் எதிரியைப் பார்த்து ஈட்டி எறிந்துகொண்டிருந்த பாலடினுக்கு இது பெரிய விடுதலை. இன்னொரு இன்வொகேஷனுக்கு, எதிரியை 10 அடி பின்னே தள்ளும் ரிபெல்லிங் பிளாஸ்ட் நல்லது. இருளில் பார்க்க உதவும் டெவில்ஸ் சைட்டையும் இருள் பரப்பும் டார்க்னஸ் மந்திரத்தையும் சேர்க்கும் உத்தி உங்களுக்கு மட்டும்தான் கொண்டாட்டம். இருட்டுக்குள் தவிக்கும் தோழர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு நான்குதான் சரியாகப் படுகிறது. மதிப்பெண் உயர்வு கிளாஸ் லெவலைப் பார்த்துத்தான் வரும். வார்லாக் 2, பாலடின் 8 என்று போனாலும், பாலடின் 6, வார்லாக் 4 என்று போனாலும் இரண்டாவது உயர்வு 10ஆம் லெவலில்தான். ஆகவே அதில் வித்தியாசமில்லை. ஆனால் வார்லாக் 3ல் பேக்ட் ஸ்லாட்டுகள் இரண்டாம் நிலைக்கு ஏறும், பேக்ட் ஆஃப் த பிளேடு எடுத்தால் இருகை வாளுக்கும் கரிஸ்மா செல்லும்.

ஆட்டத்தில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம்: ஸ்லாட்டுகளை இரு திசையிலும் கலந்து செலவழிக்கலாம். ஹெக்ஸ்பிளேடு தரும் ஷீல்ட் என்ற தற்காப்பு மந்திரத்துக்குப் பாலடினின் முதல் நிலை ஸ்லாட்டையும், ஸ்மைட்டுக்குப் பேக்ட் ஸ்லாட்டையும் எடுங்கள். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்றால் மட்டும் சிக்கல். ஷீல்ட் மந்திரத்துக்குக் கை அசைவு தேவை, வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) இல்லாமல் அதைச் செய்ய முடியாது. இருகை வாளில் இந்தத் தொல்லை இல்லை, ஒரு கையை நொடியில் விடுவித்துக்கொள்ளலாம்.

சார்சரர்? உங்களுக்கு வேண்டாம். மந்திரத்தை மாற்றி வளைக்கும் மெட்டாமேஜிக் வருவதே சார்சரர் 3ல். 10ஆம் லெவல் கதையில் மூன்றாவது கிளாஸுக்கு இடமில்லை. பேக்ட் ஸ்லாட்டுகளை சார்சரி பாயிண்டாக மாற்றி, அதை மறுபடி ஸ்லாட்டாக்கி, தூங்காமலே சேர்த்துக்கொண்டே போகும் 'காஃபிலாக்' உத்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹெக்ஸ்பிளேடு வந்த அதே துணைநூலில் அதற்குக் கடிவாளமும் இருக்கிறது. லாங் ரெஸ்ட் இல்லாமல் 24 மணி நேரம் போனால் உடல்திறன் சேவ், தவறினால் களைப்பு. அடுத்தடுத்த நாட்களில் அந்தச் சேவ் கடினமாகிக்கொண்டே போகும். அந்த விதி விருப்ப விதிதான், ஆனால் காஃபிலாக்கைக் கண்டதும் பெரும்பாலான டிஎம்கள் அதைத்தான் தேடி எடுப்பார்கள்.

கடைசியாக, நடுவில் டிஎம் 2024 விதிகளுக்கு மாறினால் மேலே சொன்ன ஸ்மைட் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். அதில் டிவைன் ஸ்மைட் ஒரு மந்திரம், போனஸ் ஆக்‌ஷன் கேட்கும், ஆகவே ஒரு டர்னுக்கு ஒன்றுதான். ஆனால் கரிஸ்மாவால் வாள் வீச ஹெக்ஸ்பிளேடு தேவையில்லை. பேக்ட் ஆஃப் த பிளேடை வார்லாக்கின் முதல் லெவலிலேயே இன்வொகேஷனாக எடுக்கலாம். அந்த விதியில் உங்களுக்கு ஒரே ஒரு லெவல் வார்லாக் போதும் என்றுகூடச் சொல்வேன்.