கத்தரி பிடிக்கும் கை ராத்திரியில் மரத்துப்போகிறதே?

கேள்வி: எனக்கு 26 வயது. ஆடை வடிவமைப்பாளர். என் முதல் கலெக்‌ஷனுக்கான ஃபோட்டோ ஷூட்டுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மொத்தம் 12 உடைகள். பேட்டர்ன் போடுவது, வெட்டுவது, கைத்தையல் எல்லாம் நானே செய்கிறேன். பத்து நாளாக ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கையை உதறினால் சரியாகிவிடுகிறது. பகலில் கத்தரி பிடித்தால் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு வலிக்கிறது. தினமும் ஒரு வலி மாத்திரை போடுகிறேன். சத்துக்குறைவாக இருக்குமோ என்று பி6 மாத்திரையும் நானாகவே வாங்கிச் சாப்பிடுகிறேன். ஷூட் முடியும்வரை இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஷூட்டைத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். ஆனால் மாத்திரையை நம்பி இப்படியே ஓட்ட வேண்டாம். உங்களுக்கு இருப்பது அநேகமாக இரண்டு தனித்தனித் தொல்லைகள். நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். வலியோடு கொஞ்ச நாள் பேரம் பேசலாம். மரத்துப்போவது நரம்பின் சங்கதி, அங்கே பேரம் எடுபடாது.

எந்தெந்த விரல் மரக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். இன்று ராத்திரி விழிப்பு வந்தால் உடனே உதறாமல் அரை நிமிடம் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருந்தால் அது கார்ப்பல் டனல் தொல்லையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளும் ஒரு தடித்த நார்ப்பட்டையும் சேர்ந்து ஒரு குறுகலான வழியை அமைத்திருக்கின்றன. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், மேலே சொன்ன விரல்களுக்கு உணர்ச்சி தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஓயாமல் இறுக்கிப் பிடித்து வேலை செய்து நாண்களின் உறை தடித்துவிட்டால், எலும்பும் விலகாது, நாரும் விலகாது. நசுங்குவது நரம்புதான்.

பகலில் வேலை செய்துவிட்டு ராத்திரி ஏன் மரக்க வேண்டும்? தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கி, கன்னத்துக்கோ தலையணைக்கோ அடியில் வைத்துக்கொள்கிறோம். மடங்கினால் அந்தக் குறுகிய வழிக்குள் அழுத்தம் இன்னும் ஏறும். உதறினால் சரியாகிறது என்று நீங்கள் எழுதியது இந்தத் தொல்லைக்கே உரிய அடையாளம். பல மருத்துவர்கள் “கையை உதறுவீர்களா?” என்று கேட்டே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்கள். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்கும்படி ஒரு நிமிடம் வையுங்கள். மேலே சொன்ன விரல்களில் சுருசுருவென்று வந்தால் சந்தேகம் வலுக்கிறது. வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் கதையே வேறு. அந்த நரம்பு முழங்கையின் உள்பக்கமாக வருகிறது. மேசையில் முழங்கையை ஊன்றி மணிக்கணக்கில் ஹெம்மிங் (துணியின் ஓரத்தை மடித்துத் தைப்பது) செய்பவர்களுக்கு அங்கே அழுந்தும். கட்டைவிரலின் ஒரு ஓரம் மட்டும் மரத்தால் உங்கள் கத்தரியைத்தான் சந்தேகப்படுவேன். அதன் வளையம் விரலோரத்து நரம்பை நேராகவே அழுத்துகிறது. அப்படியானால் வளையத்தில் மெத்தென்ற துணியைச் சுற்றுங்கள், அல்லது பெரிய வளையமுள்ள கத்தரிக்கு மாறுங்கள்.

சரி, அந்த வலி. கட்டைவிரலைப் பக்கவாட்டில் விரிக்கவும் பின்னுக்கு நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து நாண்கள் உரசுவதை 1895-இல் ஸ்விஸ் அறுவை மருத்துவர் டி கெர்வாங் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வலி சுரீரென்று பிடித்தால் இதுவாக இருக்கலாம். துணியை வெட்டும் அழுத்தத்தால்தான் வலிக்கிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரியைத் திறக்கிறீர்களே, அதுதான் இந்த இரண்டு நாண்களின் வேலை. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை திறக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தானாகவே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் வைத்த கத்தரி இந்த வலிக்கு மாத்திரையைவிட நல்ல மருந்து.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை, அதாவது ஸ்பிளிண்ட், வாங்கி ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் வகையாக இருந்தால் இரண்டு தொல்லைக்கும் உதவும். இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே ஒரு விரல் நுழைய இடமிருக்கட்டும். பகலில் பட்டையோடேயே வெட்ட முயலாதீர்கள். பட்டை ஒரு பக்கம் இழுக்க, நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, கை இரட்டிப்பாகக் களைக்கும். ஓய்வெடுக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மாத்திரைகளுக்கு வருகிறேன். எந்த வலி மாத்திரை என்று நீங்கள் சொல்லவில்லை. ஐபுபுரூஃபென், டைக்லோஃபெனாக் வகையாக இருந்தால் வாரக்கணக்கில் தினமும் போடுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். அதுவும் வேலை மும்முரத்தில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். நரம்பு நசுங்குவதற்கு இவற்றால் பெரிய பலனும் இல்லை. வலி அமுங்கியதும் நான்கு அடுக்குத் துணியை ஒரே வீச்சில் வெட்டத் தோன்றும், அதுதான் எனக்குப் பயம். மணிக்கட்டு ஓரத்துக்கு வலி ஜெல் தடவிப் பாருங்கள், போதும். பி6 மாத்திரையை நிறுத்திவிடுங்கள். இந்த நோய்க்கு அது உதவும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. அளவுக்கு மீறி நெடுநாள் சாப்பிட்டால் அந்த பி6-ஏ நரம்பைக் கெடுத்து, கை கால்களை மரக்க வைக்கும்.

இனி அந்த 12 உடைகள். வெட்டும் வேலையை இரண்டு மூன்று நாளுக்காவது வேறொருவர் கையில் கொடுக்க முடியுமா பாருங்கள். மிச்சமுள்ள வேலைகளைவிடக் கையைச் சிதைப்பது அதுதான். முடியாதென்றால் கத்தரிக்கு இன்றே சாணை பிடியுங்கள். கைப்பிடி மேல்நோக்கி வளைந்த தையற்கத்தரி நல்லது. அலகு மேசையோடு ஒட்டி ஓடும், மணிக்கட்டு மடங்காது. ஒரே தடவையில் ஒன்றிரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். மேசை உங்கள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். தடித்த துணியில் ஊசி நகராதபோது விரலால் கிள்ளி இழுக்காமல் ஒரு ரப்பர் துண்டால் பிடித்து இழுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையிலிருப்பதைக் கீழே வைத்து, விரல்களை நன்றாக விரித்து மூடுங்கள்.

அப்புறம், தொழில் தெரியாதவன் சொல்வதாக நினைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு வடிவமைப்பாளர் தன் ஷூட் படங்களைக் காட்டினார். முன்னால் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்த கவுனின் பின்பக்கம் வரிசையாகக் கிளிப்புகள்! கேமரா பார்க்காத உள்மடிப்பை இப்போதைக்குப் பெரிய தையலாக ஓட்டிவிட்டு, ஷூட் முடிந்ததும் நிதானமாக முடிக்கலாமே. எந்தெந்த உடை எந்தக் கோணத்தில் எடுக்கப்படும் என்று புகைப்படக்காரரிடம் முன்பே பேசிவிட்டால் கைத்தையலில் ஒரு பகுதி மிச்சமாகும்.

இஸ்திரிப் பெட்டியிடம் ஜாக்கிரதை. மரத்த விரலுக்குச் சூடு தாமதமாகத்தான் தெரியும்.

இந்த வாரத்திலேயே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. இவற்றில் கோளாறு இருந்தாலும் இந்த நரம்பு நசுங்கும். கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். அப்போது உடம்பில் நீர் கோத்து இதே தொல்லை வருவதுண்டு, வலி மாத்திரைகளும் யோசித்துத்தான் போட வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம், பலருக்குச் சில வாரங்களாவது நிம்மதி தரும். ஊசி போட்டாயிற்றே என்று மறுநாளே ராத்திரி முழுக்க வெட்டக்கூடாது, அவ்வளவுதான்.

உதறியும் மரப்பு போகாமல் பகலிலும் நிற்பது, குண்டூசி கையிலிருந்து நழுவுவது, பட்டன் போட முடியாமல் தடுமாறுவது, கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு மற்ற கையைவிடத் தட்டையாகத் தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஷூட் வரை காத்திருக்காதீர்கள். நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால், பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் போன பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். தைக்கும்போது ஊசி குத்திய விரல் சிவந்து வீங்கி விண்விண்ணென்று தெறித்தால் அன்றே காட்ட வேண்டும்.

ஷூட் முடிந்த அன்றே பட்டையைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். போடாதீர்கள். மொத்தம் ஆறு வாரமாவது ராத்திரிகளில் அது கையில் இருக்கட்டும். அதன் பிறகும் மரத்து விழிப்பு வந்தால் நரம்புக் கடத்தல் பரிசோதனை, அதாவது நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் சோதனை, செய்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம்.