தரவு கசிந்தால் என்ன செய்வது: கேள்வி பதில்

சிறு, நடுத்தர நிறுவனங்களில் கம்ப்யூட்டர் பொறுப்பைக் கவனிப்பவர்கள் கேட்டவற்றில் சில.

காலையில் வந்து பார்த்தால் சர்வரில் எல்லா ஃபைலும் பூட்டிக் கிடக்கிறது. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. ஐடி தம்பி ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார். சரியா சார்? (பின்னலாடை நிறுவனக் கணக்காளர், திருப்பூர்)

வேண்டாம், முதலில் அவரை நிறுத்துங்கள். ஃபார்மட் அடித்தால் திருடன் எந்த வழியாக வந்தான் என்ற தடயமும் சேர்ந்து போய்விடும். அடைக்காத அதே வழியில் திரும்பவும் வருவான்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையைத் துண்டியுங்கள். பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றித் தனியே வையுங்கள். மெஷினை மட்டும் ஆஃப் செய்யாதீர்கள். மெமரியில் இருக்கும் தடயம் அழிந்துவிடும். துண்டிக்க வழியே இல்லாமல் பூட்டு பரவிக்கொண்டே போனால்தான் ஆஃப் செய்யலாம். மிரட்டல் குறிப்பைப் போனில் படம் பிடியுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். "9.10: கணக்குப் பிரிவில் முதலில் தெரிந்தது. 9.25: இரண்டாவது சர்வர் துண்டிப்பு." போலீஸ், இன்சூரன்ஸ், வக்கீல் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்? (ரத்தப் பரிசோதனை நிலையம், சென்னை)

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள். இது 2022 ஏப்ரல் உத்தரவு. லாக்குகளை (கம்ப்யூட்டரில் எப்போது என்ன நடந்தது என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதுவே. பணமே களவு போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கசிவு பற்றிய பகுதி 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகிறது. அதன்படி தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விவரமான அறிக்கை 72 மணி நேரத்துக்குள். சொல்லாமல் விட்டால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். போதிய பாதுகாப்பே செய்யவில்லை என்றால் 250 கோடி வரை.

வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும், அமுக்கிவிடு என்கிறார் முதலாளி. என்ன சொல்லட்டும்?

இரண்டு நிறுவனங்களின் கதையைச் சொல்லுங்கள். 2016-இல் ஊபரிலிருந்து 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் போனது. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வருடம் மறைத்தார்கள். விஷயம் வெளியே வந்தபின் அதன் பாதுகாப்புத் தலைவர் மீது வழக்கு. 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பு.

நார்வேயின் அலுமினிய நிறுவனம் நோர்ஸ்க் ஹைட்ரோவை 2019 மார்ச்சில் ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியது. அன்றைக்கே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பணம் தர மறுத்து, காகிதத்தை வைத்து வேலையை ஓட்டி, பேக்கப்பிலிருந்து மீண்டார்கள். இதற்காக அவர்களைப் பாராட்டியவர்களே அதிகம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உங்களை நம்பி ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கொடுத்தவருக்குத் தெரிந்தால்தான் அவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியும். கடிதத்தைச் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்: "உங்கள் பெயர், போன் நம்பர், கணக்கு எண் வெளியே போயிருக்கின்றன. பாஸ்வேர்டு போகவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஓடிபி கேட்டால் தராதீர்கள்." லிங்க் வைத்தால் நாலு பேர் சரிபார்க்கட்டும். 2017-இல் தரவு கசிந்தபின் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் ஈக்விஃபேக்ஸ் தன் ட்விட்டர் கணக்கிலேயே வாடிக்கையாளர்களுக்குத் தவறான தள முகவரியைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.

பெரிய பட்ஜெட் இல்லை. முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

முதலில் பேக்கப். அதில் ஒரு பிரதி எந்த நெட்வொர்க்கிலும் தொடாமல் இருக்க வேண்டும். 2017-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் நாட்பெட்யா என்ற வைரஸ் புகுந்தபோது, அதன் டொமைன் கன்ட்ரோலர்களில் (யார் எதில் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்களில்) தப்பியது கானா அலுவலகத்தில் இருந்த ஒன்றுதான். அங்கே அப்போது கரண்ட் இல்லை, அதனால் அது நெட்வொர்க்கில் இல்லை! அப்படி அதிர்ஷ்டத்தை நம்பாமல், மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை அன்றே மூடுங்கள். மெயிலுக்கும் பேங்க் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். அவசரத்தில் கூப்பிட வேண்டிய நம்பர்களைக் காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

லிங்க்கைக் கிளிக் செய்தது எங்கள் பில்லிங் பெண். வேலையை விட்டு அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த முறை கிளிக் செய்பவர் வாயே திறக்க மாட்டார். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, ஒரு டீ கொடுத்து, எந்த மெயில், எத்தனை மணி, பாஸ்வேர்டு ஏதாவது போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் அந்தப் பாஸ்வேர்டை வேறொரு மெஷினிலிருந்து இப்போதே மாற்றுங்கள். அந்த மெயிலை மட்டும் அழிக்க வேண்டாம்.