குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாமல் ஏர்கன்னின் குண்டு வேகத்தை அளக்க முடியுமா? பெட்டியில் 1000 எஃப்.பி.எஸ். என்று போட்டிருக்கிறது, நம்பலாமா?

அளக்கலாம், கைப்பேசியே போதும். நம்புவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

நொடிக்கு 1000 அடி என்றால் சுமார் 305 மீட்டர். 4.5 மி.மீ. ஈயக் குண்டு அரை கிராமுக்குச் சற்று மேல், 0.53 என்று வைப்போம். கிலோவில் எடுத்த எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் குண்டின் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டுகிறது. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் போனால் ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் வேண்டும். கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமல் கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் லேசான அலாய் குண்டைப் போட்டு எடுத்த எண், இல்லையென்றால் வெறும் விளம்பரம். குண்டின் எடையைச் சொல்லாத எஃப்.பி.எஸ். எனக்குக் கணக்கிலேயே இல்லை.

சரி, அளக்கும் முறை. ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணியைத் திணித்து, முன்பக்கம் சார்ட் பேப்பரை விறைப்பாக ஒட்டுங்கள். பின்னால் சுவர் இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தகர மூடியை மட்டும் வைக்காதீர்கள், குண்டு தெறித்துத் திரும்பும்.

பெட்டியை 10 மீட்டரில் வையுங்கள். துப்பாக்கி முனைக்கும் பெட்டிக்கும் நடுவே, பாதையை விட்டு ஒரு மீட்டர் ஒதுங்கி, ரெக்கார்டிங் போட்ட கைப்பேசி. இந்த நடு இடம்தான் விஷயமே. சுடும் ஓசையும் காகிதம் கிழியும் ஓசையும் ஒரே தூரம் பயணித்து வருவதால், ஒலியின் வேகத்தைக் கழிக்கும் வேலை இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்தால் ஒலி அலையில் இரண்டு கூரான எகிறல்கள் தெரியும், இடைவெளியைப் படித்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒரு சிக்கல். குண்டு குழலை விட்டு வெளியே வரும் முன்பே பிஸ்டன் சத்தம் பதிவாகிவிடும். அதனால் 5 மீட்டரிலும் அதேபோல் (கைப்பேசியை மறுபடி நடுவுக்கு நகர்த்தி) எடுத்து, இரண்டு நேரத்தையும் கழியுங்கள். வித்தியாசம் 25 மில்லிவிநாடி என்றால், 5 மீட்டரை அதால் வகுக்க, நொடிக்கு 200 மீட்டர். ஒரு மில்லிவிநாடி தவறாகப் படித்தாலே 8 மீட்டர் மாறும், ஆகவே பல முறை சுட்டு சராசரி எடுங்கள். முனை வேகம் இதைவிடச் சில சதவீதம் கூடுதலாக இருக்கும், காற்று இழுப்பதால்.

ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) என்றால் இந்த இழுவை இன்னும் மோசம். 0.20 கிராம் பிளாஸ்டிக் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சரியாக 1 ஜூல். ஆனால் முதல் 5 மீட்டரின் சராசரியே முனை வேகத்தைவிட ஒன்பது சதவீதம் போலக் குறைந்துவிடும்.

அப்புறம், கிளப்பில் யாராவது குரோனோகிராஃப் கொடுத்தால் வெளியில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் விளக்கின் துடிப்பையே குண்டு என்று எண்ணிக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லும்.