கூரை தெரியும், வாசற்படி தெரியாது: ஆற்றோர வீடுகளும் ட்ரோன் அளவையும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சர்வேயர் வேலை பார்க்கிறேன். முன்பு சின்ன விமானத்தில் கேமரா கட்டிப் பறந்தோம், இப்போது ட்ரோன். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு என் வேலையில் பாதி, ஆற்றோரக் குடியிருப்புகளில் எந்த வீடு என்ன உயரத்தில் நிற்கிறது என்று அளப்பதுதான். போன மாதம் கோயில் மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசினேன். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் பலர் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி (டொங்காட், ஓய்வுபெற்ற ஆசிரியை): தம்பி, கூகுள் படத்தில் என் வீட்டு நாய்க்கூண்டு வரை தெரிகிறது. அப்புறம் எதற்குத் தனியாக ட்ரோன்?

நாய்க்கூண்டு தெரியும் டீச்சர், அது நிற்கும் உயரம் தெரியாது. வெள்ளத்துக்கு உயரம்தான் கணக்கு. ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து படம் எடுத்தால்தான் உயரம் கிடைக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். அதனால் அடுத்தடுத்த இரண்டு படங்கள் முக்கால் பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ட்ரோனை ஓட்டுகிறோம். 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் படத்தின் ஒரு புள்ளி தரையில் 2, 3 சென்டிமீட்டர். உயரத்தில் அந்தத் துல்லியம் வராது. தரையில் கறுப்பு வெள்ளைப் பலகைகள் வைத்து, அவற்றை ஜிபிஎஸ் கருவியால் தனியாக அளந்து சரிபார்த்தால் 5 முதல் 10 சென்டிமீட்டர் பிழைக்குள் கொண்டுவரலாம். பலகையைப் பையன்கள் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு.

கேள்வி (இசிபிங்கோ): அண்ணா, போனில் ஜிபிஎஸ் காட்டும் உயரம் ஒன்று, வரைபடத்தில் இருப்பது வேறொன்று. எது சரி?

இரண்டும் சரி, தொடங்கும் இடம்தான் வேறு. ஜிபிஎஸ் பூமியை வழவழப்பான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அளக்கும். வரைபடம் கடல்மட்டத்திலிருந்து அளக்கும். டர்பன் பக்கம் இரண்டுக்கும் 20 மீட்டருக்கு மேல் வித்தியாசம். சில போன்கள் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது. வெள்ள வேலைக்குப் போனை நம்பாதீர்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): உம்லாட்டுசானா ஆற்றோரமெல்லாம் புதரும் மூங்கிலும். வடக்கே போனால் கரும்பு. கேமரா தரையை எப்படிப் பார்க்கும்?

பார்க்காது. கரும்பின் தலையைத்தான் தரை என்று நினைத்துக்கொள்ளும். கரும்பு ஆளைவிட உயரம், ஆகவே வரைபடத்தில் ஆற்றங்கரை இரண்டு, மூன்று மீட்டர் மேலே ஏறிவிடும். எல்லா வீடும் பத்திரம் போலத் தோன்றும்! இதற்குத்தான் லைடார். லேசர் கதிர்களை லட்சக்கணக்கில் அடித்தால் இலை இடுக்குகளில் சில நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். அந்தச் சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துத் தரையை வரைவோம். ஆனால் நன்றாக விளைந்த கரும்பில் லேசருக்கும் திணறல்தான். அறுவடை எப்போது என்று தோட்டத்தில் விசாரித்து, வெட்டினதும் பறப்பதே மலிவான வழி.

இன்னொன்று. நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் லேசரைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆற்றின் அடி தெரியாது. அதற்கு இன்றைக்கும் ஒருவர் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, கோலைப் பிடித்துக்கொண்டு இறங்கத்தான் வேண்டும்.

கேள்வி (மெரிபேங்க்): நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்கிறீர்கள். 1987 செப்டம்பரில் வந்தது, 2022-லும் வந்தது. என் ஒரு ஆயுளுக்குள் இரண்டா?

இந்தப் பெயரை வைத்தவரை எனக்குப் பிடிப்பதில்லை. அதன் உண்மையான பொருள், எந்த வருஷமும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். போன வருஷம் வந்ததா என்று ஆறு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 20 வருஷ வங்கிக்கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் அந்த வெள்ளம் வர ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு. அதே வீட்டில் 70 வருஷம் வாழ்ந்தால் பாதிக்குப் பாதி.

இந்த நாட்டில் 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின்படி, புதிய குடியிருப்பின் வரைபடத்தில் இந்த நூறு வருஷ வெள்ளம் ஏறும் எல்லையை, அதாவது வெள்ளக்கோட்டை, காட்டாமல் மனை பிரிக்கக் கூடாது. நம் பழைய பேட்டைகள் பலவும் அதற்கு வெகுகாலம் முன்பே எழுந்தவை. கோட்டைத் தாண்டினால் கவலையில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். 2022-ல் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, டர்பனுடைய ஒரு வருஷ மழையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றிலிருந்து எட்டத்தில், மேட்டுச் சரிவு வழுக்கி வீடு சாய்ந்து போனவர்களும் அதில் உண்டு. அந்தச் சரிவுகள் வெள்ளக்கோட்டுக்குள் வருவதில்லை.

நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-ல் எழுந்த கோயில் 1905 வெள்ளத்தில் போயிற்று. பிறகு கேட்டோ மேனரில் அம்பலவாணர் ஆலயம் கட்டியபோது, மிஞ்சிய பழைய கதவுகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். 1917 அக்டோபரில் உம்கெனி ஆறு பெருகியபோது மாரிமுத்து படவட்டானும் ஐந்து கூட்டாளிகளும் மீன்பிடி படகை எடுத்துக்கொண்டு போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். காய்கறித் தோட்டக்காரர்கள் ஆற்றுப்படுகையில் குடியிருந்த காலம் அது.

கேள்வி (பீனிக்ஸ்): எங்கள் அப்பா, ஸ்பிரிங்ஃபீல்டில் உம்கெனி ஆற்றோரம் இருந்த டின் டவுன் குடியிருப்புக்காரர். 1976 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே அனுப்பப்பட்டவர். அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று பார்க்கப் பழைய படம் கிடைக்குமா?

கிடைக்கும் அக்கா. கேப் டவுனில் மௌப்ரேயில் உள்ள அரசு நில அளவை அலுவலகத்தில் 1930-களிலிருந்தே விமானப் படங்கள் இருக்கின்றன. கேட்டு வாங்கலாம். நான் எந்த இடத்தை அளப்பதற்கு முன்னும் அந்தப் பழைய படத்தைத்தான் முதலில் விரிப்பேன். ஸ்பிரிங்ஃபீல்டில் இன்று கடைகளும் கிடங்குகளும் நிற்கும் தளத்தில் ஆறு எப்படியெல்லாம் படுத்திருந்தது என்று அதில் தெரியும். ஆற்றை ஒதுக்கிக் கரை கட்டலாம், மண் கொட்டி மேடாக்கலாம். பெருவெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய பாதையைத்தான் முதலில் தேடும். அப்பா இருந்தால் படத்தைக் காட்டி, வீடு எங்கே இருந்தது என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தகவல் எந்த லேசருக்கும் கிடைக்காது.

கேள்வி (பொறியியல் மாணவர்): அங்கிள், இப்போது ஏஐயே கூரைகளை எண்ணிவிடுகிறதே. ஆப்பிரிக்காவுக்கு மட்டும் கூகுள் 51 கோடிக் கட்டடங்கள் வெளியிட்டதாகப் படித்தேன். உங்களுக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. 2021-ல் வந்த அந்தத் தொகுப்பை நானும் பயன்படுத்துகிறேன். ஒரு முழு ஆற்றுப்படுகையில் எத்தனை கூரை என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும். முன்பு அதற்கு மாதங்கள் ஆகும்.

ஆனால் அது எண்ணுவது கூரையை. தகரக் கூரைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில் ஏழு குடும்பம் ஒரே கட்டடமாகிவிடும். பின்கட்டில் மாமரத்தின் கீழே இருக்கும் வெண்டி ஹவுஸ் என்னும் சின்ன மரவீடு காணாமலே போய்விடும். அதில்தான் பாட்டி படுத்திருப்பார். பெரிய வீட்டின் தளம் இரண்டடி உயரம், வெண்டி ஹவுஸ் தரையோடு தரை. வெள்ளத்தில் முதலில் நனையும் ஆள் வரைபடத்தில் இல்லை.

அதனால் ட்ரோன் இறங்கியதும் டேப்பை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறேன். வாசற்படி தெருவைவிட எத்தனை சென்டிமீட்டர் மேலே என்று அளப்பதற்கு. 30 சென்டிமீட்டர் என்பது மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, வீட்டுக்குள் அது மெத்தை நனைவதா வேண்டாமா என்கிற வித்தியாசம். இசிபிங்கோவில் ஒரு வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று, யாருக்கும் சரியாக நினைவில்லை. அந்த அம்மா சமையலறைக்குப் போய் அலமாரிக் கதவைத் திறந்து உட்பக்கத்தைக் காட்டினார். காய்ந்த சேறு ஒரே நேர்கோடாக நின்றது, மசாலா டப்பாக்களின் மட்டத்தில். படியிலிருந்து 94 சென்டிமீட்டர். அன்று எனக்குக் கிடைத்த மிகச் சரியான அளவு அதுதான்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): கணினி மாதிரிகள் எவ்வளவு நம்பகமானவை?

வெள்ளம் எங்கே பாயும் என்று கணக்கிட, ஹெக்-ராஸ் என்று அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கிய மென்பொருள் இருக்கிறது, இலவசம். அது பிழையில்லை, நாங்கள் ஊட்டும் தரையில்தான் பிழை. ஒருமுறை நடைபாலம் ஒன்றை நீக்காமல் தரைப்படத்தைக் கொடுத்துவிட்டேன். மேலிருந்து பார்க்கும் லேசருக்குப் பாலமும் சுவரும் ஒன்றுதான். கணினி ஆற்றை அங்கே அணைபோட்டு மறித்து, இடதுகரையில் இரண்டு தெருவை முழுக வைத்தது. கூட்டத்தில் ஒரு ஆன்ட்டி எழுந்து, “அந்தப் பக்கம் ஒருநாளும் தண்ணி வந்ததில்லையே” என்றார். அவர்தான் சரி. திரும்பிப் போய்ப் பாலத்தை வெட்டியெடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

நேர்மாறான தவறும் உண்டு. மதகு திறந்திருப்பதாகக் கணினி நம்பும். நிஜத்தில் மெத்தை, கரும்புச் சோகை, டயர் எல்லாம் சேர்ந்து அதை அடைத்திருக்கும். வீட்டைச் சுற்றிய பிரிகாஸ்ட் (வார்த்த கான்கிரீட் பலகை) சுவரும் அப்படித்தான். தண்ணீரைக் கொஞ்சநேரம் தேக்கிவைத்து, பிறகு மொத்தமாகச் சாய்ந்து அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடும்.

கேள்வி (டொங்காட்): நானே ஒரு ட்ரோன் வாங்கி எங்கள் தெருவை அளக்கலாமா?

டொங்காட்டில் வேண்டாம், கிங் ஷாகா விமான நிலையம் பக்கத்தில். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது. வேறு ஊரிலும் ஆட்களுக்கும் பிறர் கட்டடங்களுக்கும் 50 மீட்டர் தள்ளித்தான். காசுக்குச் செய்வதென்றால் ட்ரோன் ஓட்டும் உரிமம், ட்ரோன் இயக்கும் நிறுவனத்துக்கான சான்றிதழ் இரண்டும் வேண்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எங்களுடையது பட்டா இல்லாத இடம். அளக்க வருகிறவன் பின்னாலேயே புல்டோசர் வரும் என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வெள்ளத்தைச் சொல்லி ஆட்களை எங்கோ தள்ளிய கதையை டர்பனில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரைபடம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. என் வழக்கம், படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு முதலில் அந்தத் தெருவில்தான் ஒட்டுவேன். குடும்பப் பெயர்களை அதில் எழுத மாட்டேன். பால்மியட் ஆற்றோரம் குவாரி ரோடு குடியிருப்பில் நகராட்சியும் பல்கலைக்கழகமும் குடியிருப்பவர்களும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு வைத்திருந்தார்கள். 2022-ல் வீடுகள் போயின, ஆட்கள் முன்கூட்டியே வெளியேற முடிந்தது. எந்தச் சந்து முதலில் முழுகும் என்று தெரிந்தால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்றும் தெரியும். யார் அளக்க வந்தாலும், நகல் எங்களுக்கு எப்போது என்று வாசலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பினால் கேட்டைத் திறக்காதீர்கள்.

கேள்வி (புதுமணத் தம்பதி): ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ரொம்ப மலிவு. வாங்கலாமா அண்ணா?

முதலில் நகராட்சியில் வெள்ளக்கோடு கேளுங்கள். அப்புறம் நல்ல மழைநாளில் போய்ப் பாருங்கள். 2022-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள்.